ராணியின் பொறுமை தீர்வதற்குள் ஓர் ஊர் கட்டுவது

ஊர் கட்டும் கேம்களை விரும்பி ஆடுகிறவர்களில் நிறையப் பேருக்கு டைமர் என்றாலே ஆகாது. அதில் நியாயம் இருக்கிறது. கிடங்கை இந்தப் பக்கம் வைக்கலாமா அந்தப் பக்கம் வைக்கலாமா என்று சாவகாசமாக யோசித்து, கட்டி முடித்ததைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தானே இந்தப் பக்கமே வருகிறோம், அங்கேயும் ஒருத்தர் பின்னால் நின்றுகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்றால் எரிச்சல் வராதா? ஆனால் தோற்றால் முதலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் வேறு வாய்ப்புகளோடு ஆடும் ரோக்லைட் என்ற கேம் வகையும் ஊர் கட்டுவதும் ஒன்றாகச் சேரும் இடத்தில் அந்த அவசரம் இல்லாமல் கேமே நிற்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் பார்ப்பது, அந்தக் கடிகாரம் எதற்குக் கூலி கேட்கிறது என்பதை. சும்மா காத்திருப்பதற்குக் கேட்டால் சரி. யோசிப்பதற்கே கேட்டால் அந்த கேம் எனக்கு வேண்டாம்.

ஏன் வேண்டியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரோக்லைட்டின் உயிர், ஒவ்வொரு முறையும் கைக்கு வேறு வேறு சீட்டு வருவதில் இருக்கிறது. இந்த முறை மாவு அரைக்க ஆலை கிடைக்கவில்லை, போன முறை கிடைத்தது, இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்பதுதான் ஆட்டமே. நேரத்துக்கு விலை இல்லை என்றால் மோசமான சீட்டு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. வேகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் மரமும் கல்லும் தானாகக் குவியும், எந்தக் குறையும் நாளடைவில் சரியாகிவிடும், ஆலை கிடைத்த ரன்னுக்கும், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கும், கிடைக்காத ரன்னுக்கும் வித்தியாசமே இருக்காது. இந்த வகைக்கே பெயர் கொடுத்த, 1980இல் வந்த ரோக் கேமிலேயே இதற்கு விடை இருந்தது. அதில் நம் ஆளுக்குப் பசிக்கும். பசி இல்லாவிட்டால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒரு மூலையில் படுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டே முழு ஆட்டத்தையும் கடந்துவிடலாம். பசி இருப்பதால் நகர்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் அது நொடிகளை எண்ணவில்லை, படுத்து ஓய்வெடுப்பதையும் சேர்த்து நாம் செய்யும் ஒவ்வொரு செயலையும் எண்ணியது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

இந்த விஷயத்தை ஊர் கட்டுவதில் சரியாகப் பிடித்த கேம் என்று நான் சொல்வது எரமைட் கேம்ஸ் செய்த அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்ம். 2023 டிசம்பரில் முழு வடிவில் வந்தது. திரையில் இரண்டு பட்டைகள். நீலம் நம் நற்பெயர், சிவப்பு நம்மைக் காட்டில் ஊர் கட்ட அனுப்பிய ராணியின் பொறுமையின்மை. நீலம் முதலில் நிரம்பினால் ஜெயம், சிவப்பு முந்திக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. சிவப்பு தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். ஊர்க்காரர் யாராவது செத்தாலோ மனம் வெறுத்து ஊரைவிட்டுப் போனாலோ இன்னும் ஏறும். இதுவரை கேட்டால் வழக்கமான டைமர் மாதிரிதான் தெரியும். ஆனால் நற்பெயர் கூடும்போதெல்லாம் சிவப்பு கொஞ்சம் இறங்கும். அதாவது இழந்த நேரத்தை நல்ல வேலை செய்து திரும்ப வாங்கலாம்.

இன்னொன்று இதைவிட அழகு. அந்தக் காட்டுக்கு நம்மேல் ஒரு பகை உண்டு. மரம் வெட்டும் ஒவ்வொரு ஆளாலும், மரங்களை வெட்டி வழி திறக்கும் ஒவ்வொரு புதுத் திடலாலும், அதாவது காட்டுக்குள் மறைந்திருக்கும் வெட்டவெளியாலும், அது கூடும். ராணியின் பொறுமையின்மை ஏறினால் அந்தப் பகை குறையும். பின்தங்கிப் போன ஊருக்குக் காடு கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அதனால் அனுபவப்பட்டவர்கள் சில சமயம் சிவப்பை வேண்டுமென்றே ஏற விடுவார்கள், காடு அடங்கும் வரை ராணியின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, ஊரை நிமிர்த்திய பிறகு நீலத்தை நிரப்பி அதை இறக்குவார்கள். கடிகாரத்தோடு பேரம் பேச முடிகிறது. பேரம் பேச முடிகிற எதுவும் விளையாட்டின் பகுதி ஆகிவிடுகிறது, வெளியிலிருந்து அதட்டுகிற ஒன்றாகத் தெரிவதில்லை.

புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டுக்குத் தூறல், வெயில், புயல் என்று மூன்று பருவம். புயலில்தான் காட்டின் பகை நேராக ஊர்க்காரர்கள் மனதைக் கடிக்கும். புயல் தொடங்கும் அந்தக் கணம் ஆட்டத்தை நிறுத்தி, விறகுவெட்டிகளை வெளியே எடுத்து, அவர்களைச் சமையலிலோ கட்டுமானத்திலோ போட்டுவிட்டு ஓட விட்டால் பகை அளவு ஒரு படி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தூறல் வந்ததும் திரும்பக் காட்டுக்கு அனுப்ப வேண்டும். புதுத் திடலைத் திறப்பதையும் தூறலின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது, அடுத்த புயலுக்குள் அங்கே இருக்கும் ஆபத்தைத் தீர்க்க முழுதாக இரண்டு பருவம் கிடைக்கும். ஆபத்தான திடல்களில் ஒரு தனி டைமர் ஓடும், உண்மை. ஆனால் அதை எப்போது ஓட விடுவது என்பது நம் கையில். கடைசி மரத்தை வெட்டச் சொல்வதே நாம்தானே.

இதில் பாஸ் பொத்தான் இல்லாவிட்டால் நான் சொன்ன எதுவும் நடக்காது. நிறுத்தி வைத்தபடியே கட்டலாம், ஆளை மாற்றலாம், ஒவ்வொரு கட்டடமும் என்ன கேட்கிறது என்று படிக்கலாம். ரோக்லைட்டில் இது இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு ரன்னிலும் இதுவரை பார்க்காத ஏதோ ஒன்றைப் படிக்க வேண்டியிருக்கும். படிக்கிற நேரத்துக்கும் டைமர் ஓடினால் அங்கே சோதிக்கப்படுவது திட்டமிடும் திறமை இல்லை, வாசிப்பு வேகம். சின்ன எழுத்தைக் கண் சுருக்கிப் படிக்கிறவர்கள், பழக்கமில்லாத மொழியில் ஆடுகிறவர்கள், கை மெதுவாக ஓடுகிறவர்கள் எல்லாரும் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுவார்கள். இது எனக்கு நிஜமாகவே வலிக்கிற விஷயம். ஊர் கட்டும் கேம்கள் இவர்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்து வந்த வகை.

ஜாம்பிப் படைகளிடமிருந்து ஊரைக் காக்கும் தே ஆர் பில்லியன்ஸ் வேறு மாதிரி. ரோக்லைட் என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் தோற்றால் சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதால் இதே பேச்சில் வருகிறது. அங்கேயும் பாஸ் உண்டு, படை வருவதை முன்கூட்டியே சொல்கிறது, எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதையும் ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். எல்லாம் சரி. ஆனால் பல மணி நேரம் கட்டிய ஊர், சுவரில் விட்ட ஒரே இடைவெளியில் நுழைந்த ஒரே ஜாம்பியால் வீடு வீடாகத் தொற்றி அப்படியே போய்விடும். என் எதிர்ப்பு அந்தக் கடிகாரத்தின் மேல் இல்லை, ஒரு ரன்னின் நீளத்தின் மேல். நெருக்கடி கொடுப்பதென்றால் தோல்வி சீக்கிரம் வரவேண்டும், அடுத்த ஊரைத் தொடங்க ஆசை மிச்சம் இருக்கவேண்டும்.

உறைபனியில் ஓர் ஊரைக் காப்பாற்றும் ஃப்ராஸ்ட்பங்க் 2018இல் வந்தபோது அந்தக் குளிர் எல்லாரையும் உலுக்கியது, என்னையும்தான். மேலே வெப்பநிலை முன்னறிவிப்பு, இன்னும் சில நாளில் சரியப்போகிறது என்று தெரிந்துகொண்டே நிலக்கரி சேர்ப்பது, முதல் முறை அதற்கு ஈடே இல்லை. அது எழுதி வைத்த கதை என்பதால் இரண்டாம் முறை எந்த இடத்தில் எது வரும் என்று தெரிந்துவிடுகிறது, கடிகாரம் அட்டவணை ஆகிவிடுகிறது. திரும்பத் திரும்ப ஆடுவதற்கென்றே செய்யப்படும் ரோக்லைட்டுக்கு அந்த வகை நேரம் ஒத்துவராது.

பகலில் கட்டி இரவில் எதிரிகளைத் தடுக்கும் த்ரோன்ஃபால் காட்டும் வழி எனக்குப் பிடித்தது. பகலுக்கு டைமரே கிடையாது. எந்தத் திசையிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்து, இருக்கும் காசை எங்கே போடுவது என்று முடிவு செய்து, தயாரான பிறகு நாமேதான் இரவைக் கூப்பிட வேண்டும். வருமானம் மறுநாள் விடிந்தால்தான் வரும், அதனால் பகலை இழுத்தடித்து ஒரு காசும் சம்பாதிக்க முடியாது. காத்திருப்பதில் லாபத்தையே எடுத்துவிட்டால் விரட்டவே தேவையில்லை.

இவ்வளவு சொன்னாலும் ஒரு குறை தீரவில்லை. அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்மில் ஊர் ஒரு நிலைக்கு வந்து, சாப்பாடு தட்டில்லாமல் ஓடி, ஊர்க்காரர்களின் மகிழ்ச்சியே நற்பெயரை ஈட்டித் தரத் தொடங்கும்போது நீலம் நிரம்பிவிடும். அப்புறம் அடுத்த இடம், திரும்பப் பாதி இருட்டில் ஒரு சிறு திடல். நிமிர்ந்த ஊரில் வாழ்வதற்காகவே ஆடுகிறவருக்கு இது பெரிய இழப்பு, அவர்களிடம் போய் இது கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்று வாதாட எனக்கு மனம் வராது. அவர்களுக்காக நான் கேட்பது ஒன்றுதான். கடினத்தையும் கடிகாரத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க விடுங்கள். பல கேம்களில் நேரம் அதிகம் வேண்டும் என்றால் சுலப நிலைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது, அங்கே போனால் பஞ்சமும் இல்லை, பகையும் இல்லை, யோசிக்க ஒன்றுமே இல்லை. சிக்கலான ஊரை மெதுவாகக் கட்ட விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை ராணி கொஞ்சம் மெதுவாகக் கோபப்படுவது மட்டும்தான்.