‘சாதாரணக் கட்டிதானே’

தாடைக்குக் கீழேயுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் வலியில்லாமல் மெல்ல வளரும் கட்டி. ஊசிப் பரிசோதனையில் பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற புற்றல்லாத கட்டி. புற்று இல்லையென்றானதும் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். கூடாது. அதன் உறை சில இடங்களில் மெலிந்திருக்கும். சில இடங்களில் கட்டியின் முளைகள் உறையைத் தாண்டியும் நீளும். உள்ளிருப்பது சிந்தினால் பல ஆண்டுகள் கழித்து, ஒன்றுக்குப் பல முடிச்சுகளாகத் திரும்பி வரும். அப்போது வடுவுக்குள் நரம்பைத் தேடுவது பெரும்பாடு. அதனால் சுரப்பி முழுவதையும் கட்டியோடு சேர்த்தே எடுக்கிறோம். துண்டு வெட்டி பயாப்ஸி எடுக்காததும் இதனால்தான்.

தாடை எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து 3 முதல் 4 செ.மீ. இறங்கி, கழுத்து மடிப்பில் சுமார் 5 செ.மீ. கீறினால் போதும். கீழுதட்டை இறக்கும் மார்ஜினல் மாண்டிபுலர் நரம்பு பிளாட்டிஸ்மா என்ற கழுத்தின் மெல்லிய மேல்தசைக்கு அடியில் ஓடுகிறது. முகச்சிரையைச் சுரப்பியின் கீழ் ஓரத்தில் முடிச்சிட்டு வெட்டி, சுரப்பியின் மேலுறையோடு மேலே தூக்கினால் நரம்பும் கூடவே ஒதுங்கிவிடும். ஆனால் கட்டி மேற்பரப்பிலேயே முட்டிக்கொண்டிருந்தால் இந்த வழி ஆகாது. மேலுறையை உரித்தால் கட்டி அம்மணமாகிவிடும். அங்கே நரம்பைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டு, திசுவைக் கட்டியின் மேலேயே விட வேண்டும். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், தசைத் தளர்ச்சி மருந்து பற்றி மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்; அந்த மருந்து வேலை செய்யும்போது தூண்டினாலும் தசை அசையாது. நரம்பு வெட்டுப்படாமலே, திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரின் அழுத்தத்தால் மட்டும் உதடு சில வாரம் கோணலாம்.

முகத்தமனியை இருமுறை சந்திப்போம்: மேலே தாடை ஓரத்தில், பின்னால் டைகாஸ்ட்ரிக் தசைக்கு அருகில். பின்பக்க முனை நழுவினால் தசைக்கு அடியில் சுருங்கி ஒளிந்துகொள்ளும். அங்கே இரட்டை முடிச்சு அவசியம்.

வாயின் அடித்தளத் தசையான மைலோஹையாய்டை முன்னோக்கி இழுத்த பிறகுதான் உண்மையான வேலை. சுரப்பியைக் கீழே இழுக்கும்போது நாக்குக்கு உணர்வு தரும் லிங்குவல் நரம்பும் ஆங்கில ‘வி’ போல வளைந்து இறங்கும். அந்த வளைவின் முனையில் இருக்கும் சிறு நரம்புமுடிச்சுக்குக் கீழே மட்டுமே கத்தரிக்க வேண்டும். அவசரத்தில் வளைவையே கவ்விவிட்டால் நாக்கின் பாதி மரத்துப்போகும். இழுவையைத் தளர்த்தி, நரம்பு மேலேறுவதைப் பார்த்துவிட்டு வெட்டுவது நல்ல பழக்கம். இந்தப் பகுதியில் ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்த, இருமுனைக் கருவியான பைபோலார் மட்டும். நாக்கை அசைக்கும் ஹைப்போகிளாசல் நரம்பு இன்னும் ஆழத்தில் கிடக்கும். அதைத் தொடத் தேவையில்லை. சுரப்பிக் குழாயை முன்னால் முடிச்சிட்டு வெட்டினால் சுரப்பி கையோடு வரும்.

கசிவை வெளியேற்றும் டிரெயின் குழாய் 24 முதல் 48 மணி நேரம். இரவில் கழுத்து திடீரென்று வீங்கி, நோயாளி மூச்சுக்குத் திணறினால் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டை வெளியேற்றுங்கள்.