லிங்கன் தலைமேல் ஓடும் விரிசல்

வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்தின் லிங்கன் படம். 1865 பிப்ரவரி 5 அன்று புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்தது. மேலே குறுக்காக ஓடுவது காகித மடிப்பு அல்ல, நெகட்டிவ் கண்ணாடியின் விரிசல்.

அன்றைய முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பிறகு தகட்டை லேசாகச் சூடாக்கி வார்னிஷ். சூடு சீராகப் பரவாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். பிரதி எடுக்கக் காகிதத்தோடு சேர்த்து அச்சுச் சட்டத்தில் அழுத்தும்போதும் உடையும்.

கார்ட்னர் எடுத்தது ஒரே பெரிய பிரதி, பிறகு தகட்டை எறிந்துவிட்டார். முட்டை வெண்கரு பூசிய காகிதம் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் இதை அபூர்வமாகத்தான் வெளியே வைக்கிறார்கள். வைக்கும்போது விரிசலோடு நின்றுவிடாதீர்கள். உதட்டோரத்து மெல்லிய சிரிப்பையும் பாருங்கள்.