டெல்லிக் குளிரில் நான்கு பிள்ளைகள்

டிசம்பர் 25, வியாழக்கிழமை, மார்கழி பத்து. ஆர்.கே. புரத்தில் மகள் வீட்டில் இருந்தேன். எல்லோருமாகக் கோயில், சர்ச், குருத்வாரா என்று சுற்றுவதாகப் பேச்சு. முந்தின ராத்திரி பேரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆறு வயது. "நீ போய்ட்டு வாம்மா, நாங்க இவனைப் பார்த்துக்கறோம்" என்றாள் மகள். கும்பகோணத்தை விட்டு நான் தனியாகப் போன இடம் மிஞ்சினால் வைத்தீஸ்வரன் கோயில். இந்தியோ 'கித்னா'வோடு சரி. இருந்தாலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் மலை மந்திர். உத்தர சுவாமிமலை என்பது முழுப் பெயர், ஆனால் அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியாது. குன்றின் மேல் கருங்கல்லில், சோழர் பாணியில் சுவாமிநாதனுக்குக் கோயில். 1973-இல் கும்பாபிஷேகம். ஊரில் சுவாமிமலைக்கு அறுபது படி ஏறியே பழகியவள் நான். இங்கே படியை எண்ணத் தோன்றவில்லை, ஷூவைக் கழற்றியதும் குளிர் குதிகாலில் புகுந்து முழங்கால் வரை விறுவிறுவென்று ஏறியது. பனிமூட்டத்தில் கோபுரம் பாதிதான் தெரிந்தது. 'யாமிருக்க பயமேன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் என்னவோ நம் தெருவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

குருவாரம், அதுவும் தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளையின் சன்னதி. தோளில் உட்கார்ந்து, அப்பா காதில் பிரணவம் சொன்ன குழந்தை. பேரன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கொடுத்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைக் கைக்குள் பொத்தி வைத்துக் குளிர் காய்ந்தேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அங்கிருந்து கோல் டாக்கானா என்கிற வட்டமான தபால் ஆபீஸுக்கு ஆட்டோ. மீட்டர் போடச் சொன்னேன், சிரித்தார். சரி, பண்டிகை நாள்.

திருஇருதயப் பேராலயம் அந்தத் தபால் ஆபீஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. 1929-இல் அடிக்கல் நாட்டி எழுப்பியது, ஹென்றி மெட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. வெள்ளைத் தூண்கள் வைத்த முகப்பும் இரண்டு பக்கமும் கோபுரங்களுமாகக் கம்பீரமாக நின்றது. வாசலிலிருந்தே வரிசை. வரிசையில் நின்றவர்களில் பொட்டு வைத்தவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத வீடு ஏது? நான் மூன்று வயதில் பேச்சு வராமல் இருந்தபோது அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாளாம். அப்புறம் என் வாய் ஓயவேயில்லை என்பது அப்பாவின் குறை.

குடில் வெளியே திறந்த இடத்தில் இருந்தது. வைக்கோல், ஆடு, மாடு, நடுவில் கையை விரித்தபடி பாலன். பழக்க தோஷம், நான் ஷூவைக் கழற்றிவிட்டேன். மற்ற யாரும் கழற்றவில்லை. பின்னால் நின்ற கல்லூரிப் பையன் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்தில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி, "ஜெய் ஜெய் கரோ" என்றாள். குழந்தை கை குவித்தது. நாம் 'உம்மாச்சி கும்பிட்டுக்கோ' என்று சொல்வோமே, அதேதான். பேரனுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றுக்கு இரண்டு முறை அணைந்தது, மூன்றாவது முறை நின்றது.

அடுத்து பங்களா சாகிப் குருத்வாரா, நடந்துபோகும் தூரம். ஷூவை வாங்கி வைக்கும் இடத்தில் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர், பார்த்தால் பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி இருந்தார், என் ஷூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். எனக்குக் கூசிப்போனது. அவர்களுக்கு அது சேவை. அந்தத் தடுமாற்றத்தில், கால் கழுவ விட்டிருக்கும் தண்ணீரில் சாக்ஸோடு இறங்கிவிட்டேன். ஒரு சர்தார்னி அம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தார், நானும் சிரித்துவிட்டுச் சாக்ஸைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டேன். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

இந்த இடத்தின் கதையை மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார். அப்போது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. முன்பு இது ராஜா ஜெய்சிங்கின் பங்களா. (ஜந்தர் மந்தர் கட்டியவர் அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு ஜெய்சிங்.) 1664-இல் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர்கிருஷன் இங்கே வந்து தங்கினார். ஊரெல்லாம் பெரியம்மையும் காலராவும். நோயாளிகளுக்கு இந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். கடைசியில் அம்மை அவருக்கே வந்து, அந்த வருஷமே போய்விட்டார். அப்போது அவருக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து வயதில் குருவானவர்.

குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது உறைத்தது. என் பேரனைவிட ஒரு வயது பெரிய பிள்ளை, அவ்வளவுதான். காலையில் அப்பன் தோளில் ஒரு பிள்ளை, அப்புறம் வைக்கோலில் ஒன்று, இங்கே இப்படி ஒன்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் இன்னும் விடவில்லை. "இங்கே தீர்த்தம் தராங்க, கொண்டு வரட்டுமா?" என்றேன். "அம்மா, காய்ச்சின தண்ணி மட்டும்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று வைத்துவிட்டாள். நான் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன்.

லங்கரில், அதாவது குருத்வாராவின் அன்னதானக் கூடத்தில், தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பாடு. ரொட்டிக்கு ஒற்றைக் கையை நீட்டினேன். பரிமாறிய பையன் கொடுக்காமல் நின்றான். பக்கத்திலிருந்தவரைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினேன். உடனே ரொட்டி விழுந்தது. பருப்பு நன்றாக இருந்தது, கீர் இன்னும் நன்றாக இருந்தது.

வெளியே வந்து கனாட் பிளேஸ் பக்கம் நடந்தேன். வழியில் மாநிலங்களின் கைவினைக் கடைகள். 'பூம்புகார்' பெயர்ப் பலகையைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றேன். எதிரே ஹனுமான் மந்திர். வாசலில் மருதாணி போடும் பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே 1964 ஆகஸ்ட் 1 முதல் ராம நாமம் இரவும் பகலும் நிற்காமல் ஒலிக்கிறதாம். கால் வலியில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. விழுந்து கும்பிட்டுவிட்டு லட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இங்கே இருப்பவர் பால ஹனுமான் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி உள்ளே போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. பேரன் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பாட்டி, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. அர்ச்சனை விபூதியை இட்டுவிட்டேன். டம்ளரில் வெந்நீர் இருந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு மூடி அதில் விட்டேன். மகள் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.