நிலத்தினிடையே

"உட்காருடா. இது கவிதை. உங்க அப்பா டிராக்டர் இதுக்குள்ள வராது."

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நான் சொன்னது இது. சொல்லி மூன்று வருடம் ஆகப்போகிறது. அவன் மறந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாடம் வரும்போதெல்லாம் தொண்டையில் வந்து நிற்கிறது.

பாரதியின் 'காணி நிலம் வேண்டும்'. முதல் பத்திதான் நடந்துகொண்டிருந்தது.

காணி நிலம் வேண்டும் - பராசக்தி
காணி நிலம் வேண்டும்; - அங்குத்
தூணில் அழகியதாய் - நன்மாடங்கள்
துய்ய நிறத்தினதாய் - அந்தக்
காணி நிலத்தினிடையே - ஓர் மாளிகை
கட்டித் தரவேண்டும், - அங்குக்
கேணி அருகினிலே - தென்னைமரம்
கீற்றும் இளநீரும்

'நிலத்தினிடையே' என்று பலகையில் எழுதி, நிலத்தின் + இடையே என்று பிரித்துக் காட்டினேன். இடையே என்றால் நடுவில், பரீட்சைக்கு வரும், கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான்.

"சார், நடுவுல வீட்டைக் கட்டிட்டா டிராக்டர் எப்டி சார் திரும்பும்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கிண்டலுக்குக் கேட்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். கேட்கும்போது அவன் கை பெஞ்சின் மேல் ஒரு சதுரம் போட்டு, அதன் நடுவில் விரலை ஊன்றியிருந்தது. இன்னொன்றும் தெரியும். அவன் அப்பாவுக்கு டிராக்டர் கிடையாது. வேறொருவர் வண்டியை மணிக்கணக்குக்கு ஓட்டுகிறவர் அவர். கொல்லையும் கிடையாது; எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் பயிர் வைக்கிற நிலம். தெரிந்திருந்தும் 'உங்க அப்பா டிராக்டர்' என்று எப்படி வாயில் வந்தது?

எங்கள் விழுப்புரம் பக்கத்தில் இன்னும் காணிக் கணக்குதான். பத்திரத்தில் ஏக்கர், ஹெக்டேர் என்று இருந்தாலும் டீக்கடையில் 'அரைக்காணி மல்லாட்டை போட்டிருக்கேன்' என்றுதான் பேச்சு; மல்லாட்டை என்றால் நிலக்கடலை. நூறு குழி ஒரு காணி, 132 சென்ட், 57,600 சதுர அடி. மனைக்கணக்கில் 24 கிரவுண்டு. அந்தப் பிள்ளைகளிடம்தான் 'காணி - நில அளவைக் குறிக்கும் சொல்' என்று எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொன்னேன். அவர்கள் வீட்டில் தினம் புழங்கும் சொல்லை அவர்களுக்கே அருஞ்சொற்பொருள் ஆக்கிவிட்டேன். அவன் அந்தச் சொல்லைக் கேட்டதும் பொருள் தேடவில்லை, நிலத்தைப் பார்த்தான். பார்த்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளை. காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம். சிரிப்பு ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்த வகுப்பை அடக்கிப் பாடத்துக்குள் கொண்டுவர பத்து நிமிடம் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பதினொரு வயதில் ஒரு கவிதையை 'இது நடக்குமா, நடக்காதா' என்று கேட்டுப் பழகிவிட்டால், நிலவொளி முத்துச் சுடராக வருவதையும் அவன் நம்பமாட்டான் என்று நினைத்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. இப்போதும் அதில் பாதி எனக்கு இருக்கிறது.

அன்று நான் சொல்லக் காத்திருந்த விஷயங்களும் சின்னவை இல்லை. இந்தப் பத்தியில் கண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். முதலில் தரை. அப்புறம் தூண். தூணிலிருந்து மாடம். மாடத்தில் நிறம். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் 'மாளிகை' என்ற சொல்லே வருகிறது. கொத்தனார் கட்டுகிற வரிசையிலேயே வாசிக்கிறவன் மனதிலும் வீடு எழும்புகிறது. அப்புறம் கண் கேணிக்கு இறங்கி, தென்னங்கீற்றுக்கு ஏறுகிறது. காணி, தூணில், காணி, கேணி என்று எதுகை நான்கு இடத்திலும் 'ணி'யில் வந்து விழுகிறது. நான்கு மூலையிலும் கல் நட்ட மாதிரி. இதை இதற்கு முன் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். ஒருமுறையும் எனக்குச் சலித்ததில்லை.

இன்னொன்று. முதல் பத்தியில் 'வேண்டும், வேண்டும், தரவேண்டும்' என்று மனு எழுதுகிற தோரணை. இரண்டாவது பத்திக்குப் போனதும் 'பக்கத்திலே வேணும்', 'முன்புவர வேணும்'. அம்மாவிடம் கேட்கிற குரல் வந்துவிடுகிறது. எழுத்துத் தமிழ் பேச்சுத் தமிழாக மாறுகிற அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு ஆசை. பேச்சுமொழி கவிதைக்குள் வரலாம் என்று சொல்லத்தான் அன்று போயிருந்தேன். அந்த வகுப்பில்தான், தன் பேச்சில் கேட்டவனை உட்காரச் சொன்னேன்.

அன்று ராத்திரி பாட்டை முழுவதும் திரும்பப் படித்தேன். மூன்றாவது பத்தியில் 'காட்டு வெளியினிலே' என்று இருக்கிறது. பார்த்ததும் நிம்மதி வந்தது. இது பயிர் வைக்கிற கொல்லை இல்லை, காட்டு வெளி, அதனால் டிராக்டர் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்கு அவனிடம் சொல்லிவிடலாம். அப்புறம் உறைத்தது. அவன் கேட்டது முதல் பத்தியை வைத்து. அதில் காணி இருக்கிறது, கேணி இருக்கிறது. கிணறும் நிலமும் சேர்ந்து இருந்தால் எங்கள் ஊரில் அது பயிர்தான். பத்துப் பன்னிரண்டு தென்னை போக மீதி நிலத்தில் என்ன இருக்கிறது? கவிதை சொல்லவில்லை. பயிர் இல்லை, ஏர் இல்லை, வேலை செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. படிமம் என்று நான் நடத்துவதெல்லாம் கவிதையில் இருப்பதைப் பற்றி மட்டும்தான். இல்லாததையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் பார்த்தான்.

அதே பாரதிதானே 'உழவுக்கும் தொழிலுக்கும் வந்தனை செய்வோம்' என்று பாடியவர். உழவை மறந்தவர் இல்லை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தவர், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். வாடகை வீட்டில் குடியிருந்தவர். அவர் கேட்ட காணி விளைச்சலுக்கான காணி இல்லை, எழுதுவதற்கு ஓர் இடம், யாரும் காலி செய்யச் சொல்லாத இடம். இப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பையனுக்குப் புரிந்திருக்கும். குத்தகைக்குக்கூடத் துண்டு நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, கையில் காணி இல்லாத ஒருவர் காணி கேட்பது புரியாமல் போகுமா? என்னைவிட நன்றாகவே புரிந்திருக்கும்.

சரி, மறுநாள் சொன்னேனா? இல்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

காலாண்டில் அந்தக் கேள்வி வந்தது. முதல் பத்தியில் கவிஞர் வேண்டுவன யாவை? அதுவே தப்பான கேள்வி என்று இப்போது படுகிறது. அந்தப் பத்தியில் வாக்கியமே முடியவில்லை. 'தென்னைமரம் கீற்றும் இளநீரும்' என்று வினை இல்லாமல் நின்று, அடுத்த பத்தியின் 'பக்கத்திலே வேணும்' வரை போய்த்தான் முடிகிறது. ஆசை பத்தியைத் தாண்டி ஓடுகிறது. நாங்கள் அங்கே வெட்டி, மதிப்பெண் போடுகிறோம். அவன் நான் எழுதிப்போட்டதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன போட முடியும்? விடையில் 'நடுவில்' என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். முக்கியமான சொல்லுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதற்குமேல் அந்தக் கோட்டில் ஏதாவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பேப்பர் கொடுக்கும்போது கேட்க நினைத்தேன். பெயரைக் கூப்பிட்டு, கொடுத்து, அடுத்த பெயருக்குப் போனேன்.

போன ஆடியில் வண்டியில் வந்துகொண்டிருந்தபோது சாலையோரக் கொல்லையில் உழவு நடந்துகொண்டிருந்தது. அவன் அப்பா ஓட்டினார். மட்கார்டில் அவன். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வரப்புக்கு நாலைந்து அடி இருக்கும்போதே கலப்பையைத் தூக்கிவிடுகிறார். ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒரு பக்கம் பிரேக் பிடித்து, பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே மண்ணை அரைத்துக்கொண்டு சுழல, வண்டி திரும்புகிறது. நான் நினைத்ததைவிட அதிக இடம் வேண்டியிருக்கிறது. அந்தக் கொல்லையின் நடுவில் ஒரு வேப்பமரம். ஒவ்வொரு சாலுக்கும் அதை ஒட்டி வளைந்து போகிறார். மரத்தைச் சுற்றி வட்டமாக ஓரிடம் உழாமலே புல்லோடு நின்றது.

அவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். வரப்பில் இறங்கிப் போகவில்லை.