திருப்பெருந்துறையில் பெரியம்மாவுடன்

பெரியம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி நாலு வருடம் ஆகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் கோயிலுக்குப் போவதை அவர் விடவில்லை. சந்நிதி முன்னால் போய் நின்றதும் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவார். "இன்னைக்கு என்னடி அலங்காரம்?" நான் சொல்ல வேண்டும். என்ன நிறப் பட்டு, எத்தனை மாலை, சந்தனக் காப்பா, வெள்ளிக் கவசமா, எல்லாம். கேட்டு முடித்த பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவரே ஒருநாள், "ஆவுடையார்கோயிலுக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போ" என்றார். ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்ட ஒரு புதன்கிழமை கிளம்பினோம். புதுக்கோட்டை, அறந்தாங்கி, அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். வெள்ளாற்றங்கரை ஊர். பழைய பெயர் திருப்பெருந்துறை.

மாணிக்கவாசகர் கதை அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர் (பிறகு மாணிக்கவாசகர் ஆனவர் அவர்தான்) குதிரை வாங்கப் பொன்னோடு வருகிறார். இங்கே குருந்த மரத்தடியில் ஒரு குருவைப் பார்க்கிறார். குதிரைப் பணம் கோயிலாகிறது. நரி பரியாகி மதுரைக்குப் போய், ராத்திரியில் மறுபடி நரியானதும், வைகை பெருகியதும், பிட்டுக்கு மண் சுமந்ததும் எல்லாம் அதற்குப் பின்னால் நடந்தவை. பெரியம்மா பஸ்ஸிலேயே மாணிக்கவாசகரின் சிவபுராணத்தை ஆரம்பித்துவிட்டார். 95 அடியும் அவருக்கு மனப்பாடம். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட நிறுத்தவில்லை, கையை மட்டும் என் பக்கம் காட்டினார்.

கோயில் தெற்குப் பார்த்தது. உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். கொடிமரம் இல்லை, பலிபீடம் இல்லை, நந்தி இல்லை. மற்ற சிவன் கோயில்களில் நந்தியைப் பார்த்ததும் நம் கால் தானாக எந்தப் பக்கம் திரும்புமோ, அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

அண்ணாந்து பார்த்தால் கொடுங்கை. மண்டபக் கூரையின் வளைந்து இறங்கும் ஓரம் அது. மரச்சட்டங்களை வரிசையாகப் பரப்பி, குறுக்கே கம்பி கொடுத்து, குமிழ் ஆணி அடித்து இறுக்கிய மாதிரி இருக்கும். எல்லாம் கருங்கல். அந்தக் காலத்தில் ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். அதை மட்டும் எங்களால் திரும்பச் செய்ய முடியாது என்று பொருள். கல்தானா என்று நம்பாமல் ஒரு வெள்ளைக்காரத் துரை சுட்டுப் பார்த்த ஓட்டை என்று மேலே ஒரு துளையையும் காட்டினார்கள். நான் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். பெரியம்மா அதற்குள் ஒரு தூணைக் கண்டுபிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். குதிரைமேல் சிவன் ஏறி வரும் சிற்பம். குதிரையின் காலில் தொடங்கி, சேணத்தின் மணிச்சரத்தை ஒவ்வொரு மணியாக விரலால் எண்ணி, "இது குதிரைச்சாமிதானே?" என்றார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உச்சிகால பூசைக்குச் சந்நிதிக்குப் போனோம். இங்கே சிவனுக்குப் பெயர் ஆத்மநாதர். கருவறையில் ஆவுடையார், அதாவது லிங்கத்தின் பீடம், மட்டும்தான் இருக்கிறது. லிங்கத்தின் மேல்பகுதியான பாணம் இருக்க வேண்டிய இடத்தில் குவளை சார்த்தியிருக்கிறார்கள். பின்னால் விளக்கொளி. ஆராதனைத் தட்டும் நம் பக்கம் வெளியே வருவதில்லை. கையை நீட்டித் தொட்டுக் கண்ணில் ஒற்ற எதுவும் கிடையாது.

பெரியம்மா என் கையை அழுத்துவார் என்று காத்திருந்தேன். என்ன சொல்வது என்றும் யோசித்துவைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பக்கத்தில் நிற்பவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கைகூப்பி நேராக நின்றார். இந்த நாலு வருடத்தில் ஒரு சந்நிதியில் அவர் என்னை எதுவும் கேட்காதது அன்றைக்குத்தான்.

அப்புறம் சோறு வந்தது. மடைப்பள்ளியிலிருந்து வடித்த சூட்டோடு கொண்டுவந்து, சந்நிதிக்கு எதிரே உள்ள படைகல்லில் கொட்டினார்கள். புழுங்கல் அரிசிச் சோறு. மற்றக் கோயில்களில் பச்சரிசிதான் நைவேத்தியம், இங்கே புழுங்கல் அரிசியும் கீரையும் பாகற்காயும். சுவாமி இந்த ஊரில் வாத்தியாராக வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னபோது வீட்டுக்காரர்கள் போட்ட சாப்பாடு அது என்பார் பெரியம்மா. சோற்றைக் கல்லில் பரப்பியதும் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அதுதான் படையல். உருவம் இல்லாத சாமிக்குச் சோற்றின் ஆவி.

தினமும் இரண்டு வேளை சோறு வடிக்கிறவள் நான். வடிதட்டைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் சூட்டுக்கு விலகிக்கொள்வதுதான் என் பழக்கம். அங்கே அந்த வெள்ளை ஆவி கல்லைவிட்டு எழும்பி, விளக்கொளியில் ஒரு கணம் நின்று, கருவறைப் பக்கமாகக் கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். புழுங்கல் அரிசியின் அந்த வாசனை எங்கள் அம்மா வீட்டு அடுப்படி வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியம்மா மூக்கை உறிஞ்சி, "பதம் சரியா வெந்திருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "சாப்பிடுறாரு" என்றார்.

அம்மன் யோகாம்பாள் சந்நிதியிலும் உருவம் கிடையாது. பீடத்தில் பாதங்கள் மட்டும். அதையும் கல் பலகணித் துவாரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நான் ஒரு கண்ணை மூடி, துவாரத்தில் மறு கண்ணை வைத்துப் பார்த்தேன். பெரியம்மா பலகணியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டேன். "பெரியம்மா, ஏன் அலங்காரம் கேக்கல?"

"எல்லாக் கோயில்லயும் நான் உன் கண்ணால பாக்குறேன். இங்க உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதானேடி தெரியும்" என்றார். சொல்லிவிட்டுப் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார்.

மூன்று மணிக்கு அறந்தாங்கி பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் அவரை உட்காரவைத்தேன். மறுபடி தூறல். வண்டி ஊரைத் தாண்டியதும் என் கையில் அந்தப் பழைய அழுத்தல்.

"ஆமா, அந்தக் கொடுங்கை எப்படி இருந்துச்சு? ஆணியெல்லாம் தெரியுதாமே. ஒண்ணு விடாம சொல்லு."

சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அறந்தாங்கி வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.