வடிவேலு கோச்

பசங்க எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வியாசர்பாடியில் கால்பந்துப் பயிற்சி முடிந்து கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் கத்தினான்: "டேய், நாளைக்கு வடிவேலு ஆறு மணிக்கே வந்துருவாரு. லேட்டா வந்தா மூணு ரவுண்டு!"

ஆறு மணிக்கு வருகிறவனும் நான்தான், மூன்று ரவுண்டு ஓடவிடுகிறவனும் நான்தான்.

அன்றிரவு கண்ணாடியில் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். வடிவேலு காமெடி பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தான் நான், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோச்சுக்கு ஆகிற பெயரா அது? மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சத்தத்தில் மாமியார் எழுந்து வந்துவிட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ வடிவா, வடிவான்னு சொல்றீங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

மறுநாள் எண்ணினேன். முதல் பத்து நிமிடத்தில் பதினான்கு. வடிவாப் பார், வடிவா நிப்பாட்டு, வடிவா உதை. எங்களுக்கு வடிவு என்றால் அழகு மட்டும் இல்லை. சாப்பாட்டையும் வடிவாய்ச் சாப்பிடலாம், வாசலையும் வடிவாய்க் கூட்டலாம், சொன்னதை வடிவாய்க் கேட்கவும் செய்யலாம். இங்கே அதற்கு "கரெக்டா" என்கிறார்கள். கரெக்டாக வந்த பாஸ் காலுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். வடிவாக வந்த பாஸ், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டே வரும். இதை நான் பசங்களுக்கு எப்படி விளக்குவது?

மொழியே தெரியாத ஊரில் எனக்கு இந்தப் பாடு இருந்ததில்லை. 2009இல் மாலைதீவுக்கு விளையாடப் போனேன். மாலே நகரத்தை ஒரு மூச்சில் சுற்றி ஓடி வந்துவிடலாம். கிளப்புகள் நிறைய, பெரிய மைதானம் என்று சொல்ல கலோலு. ஆளாளுக்கு நேரம் பிரித்துக்கொண்டு ஆடுவார்கள். திவேகி எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். சிங்களத்துக்குத் தூரத்துச் சொந்தமான மொழி என்பதால், கொழும்பில் பொறுக்கிய சிங்களத்தை வைத்துக்கொண்டு கடையில் சமாளித்தேன். "அவஸ் குரே" என்றால் சீக்கிரம். "ரங்களு" என்றால் நல்லது. பந்துக்காரனுக்கு இந்த இரண்டு சொல் போதும், மிச்சத்தைக் கால் பேசிக்கொள்ளும். நோன்பு மாதத்தில் பயிற்சி இரவில்தான். வியர்த்துப் போய் வந்து, தேங்காய்ப்பூவும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனியை ரொட்டியோடு சாப்பிட்டால், அம்மாவின் சம்பலுக்கு யாரோ மீன் போட்டுவிட்டது போல இருக்கும். சம்பளம் மட்டும் வடிவாக வராது. அதை விடுங்கள்.

அணியில் என்னைத் தவிர ஒரே ஒரு தமிழன், மன்னார்க்காரன், கோல் கீப்பர். ஆட்டத்தின் நடுவே நாங்கள் தமிழில் கத்திக்கொள்வோம். "இடப்பக்கம் வெறும்" என்பான் பின்னாலிருந்து. எதிரணிக்குப் புரியாது, அந்த இடைவெளியில் ஓடிவிடுவேன். என் அணிக்காரர்களுக்கும் புரியாது என்பது வேறு விஷயம்.

சில சீசன்களுக்குப் பிறகு முழங்கால் போயிற்று. யாரும் இடிக்கவில்லை. திரும்பினேன், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. மாலைதீவுக்காரர்கள் பலர் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம், சென்னை என்று போவார்கள். என்னையும் சென்னைக்கு அனுப்பினார்கள். கால் பார்க்க வந்த இடத்தில், பிசியோதெரபி செய்த பெரம்பூர்ப் பெண்ணைக் கைப்பிடித்து இங்கேயே தங்கிவிட்டேன். கட்டோடு கிடந்த காலத்தில்தான், 2016 ஜூனில், யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். இந்தியா செய்து கொடுத்தது. இந்தியப் பிரதமர் டெல்லியிலிருந்து காணொளியில் பேசினார். போரில் சிதைந்த அந்த மைதானத்தில், புல்லும் கல்லும் கலந்த தரையில் விழுந்து முட்டி தேய்த்தவன் நான். இந்தியா அதைச் சரிசெய்து கொடுத்த நேரத்தில், இந்தியாவிலேயே படுத்துக்கொண்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, சென்னை. தமிழ்நாடு, தமிழ், இதில் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். முதல் ஆட்டோக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "சார் கேரளாவா? தமிழ் சூப்பரா பேசுறீங்க" என்றார். பாராட்டு வாங்கி மனம் வலித்தது அதுதான் முதல் தடவை. வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு அம்மா, "சிலோனா? உங்க தமிழ் கேக்கவே ரேடியோ மாதிரி இனிக்குது, இன்னும் பேசுங்க" என்று காபி கொடுத்து உட்கார வைத்தார். வீடு மட்டும் கொடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டி வருமாம்.

ஆனாலும் பெரிய வேடிக்கை மைதானத்தில்தான். ஒருநாள், "நாளைக்கு மேட்ச், எல்லாரும் சப்பாத்தோட வாங்கோ" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒருவன் வெறுங்காலோடு வந்து நின்றான், கையில் டிபன் பாக்ஸ். திறந்தால் நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு. "அம்மா உங்களுக்கும் சேத்து வச்சாங்க கோச்" என்றான். சப்பாத்து என்றால் ஸ்டட்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டைத் தின்றுவிட்டு, பெஞ்சில் இருந்த பையனிடம் ஸ்டட்ஸை வாங்கிக் கொடுத்து அவனை இறக்கினேன். இரண்டு சைஸ் பெரியது. நுனியில் காகிதம் திணித்துக்கொண்டு ஆடினான். எங்கள் ஊரிலும் இதே காகிதம்தான். உதயன் பேப்பரைக் கிழித்து அடைப்போம்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் பந்து பழகினேன். எங்கள் பாடும்மீன் கிளப்புக்கும் நாவாந்துறை சென். மேரிஸ் கிளப்புக்கும் ஆட்டம் என்றால் அன்றைக்குக் கடலுக்குப் போவதா என்று யோசிப்பார்கள். கோட்டுக்கு வெளியே நின்று ஒரு பெரியவர், எந்த அணிக்காரன் நல்லபடி உதைத்தாலும் "வடிவு, வடிவு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. அவர் குரல் மட்டும் இருக்கிறது. கோச்சுக்கான டி லைசென்ஸ் வகுப்பில் இருந்து படித்துத் தேறியவன் நான், வாயில் வருவது என்னவோ அந்தப் பெரியவர்தான்.

வியாசர்பாடியும் அப்படியொரு இடம்தான். இந்தத் தெருக்களில் விளையாடிப் போனவர்தான் தனபால் கணேஷ். 2018இல் சென்னையின் எஃப்சி அணி ஐஎஸ்எல் கோப்பை வென்ற வருடம், கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் போட்ட கோலைப் பசங்க நேற்று நடந்ததுபோல நடித்துக் காட்டுவார்கள். அப்பாக்கள் கேட்பது வேறு. "இதுல ஐசிஎஃப், கஸ்டம்ஸ் எதாவது ஆபீஸ் டீம்ல வேலை கிடைக்குமா சார்?" எங்கள் ஊர் அப்பா என்றால், "இதால வெளிநாடு போகலாமோ?" என்று கேட்டிருப்பார். என் அப்பா கேட்டார். போகலாம் என்று சொல்லித்தான் கிளம்பினேன்.

இப்போது நான் நன்றாகவே பழகிவிட்டேன். வெயில் பழகியது, சொதியை மாமியார் மோர்க்குழம்பு என்று சொல்வதும் பழகியது. "கெதியா ஓடு" என்று கத்துவதை விட்டு "சீக்கிரம்டா" என்று கத்தப் பழகிக்கொண்டேன். போன மாதம் பெரம்பூரில் ஒரு ஆட்டம். பந்தை உள்ளே எறிய நின்ற எங்கள் கேப்டன் திடீரென்று "கெதியா!" என்று கத்தினான். நான் விட்ட சொல்லை அவன் எடுத்து வைத்திருக்கிறான். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஓட, பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த தடவை "வடிவா, வடிவா" என்றான், எல்லாரும் நின்று நிதானமாகப் பந்தைச் சுற்ற விட்டார்கள். எதிரணி டிபெண்டர் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்: "இன்னாடா பேசிக்கிறானுங்க, தெலுங்கா?"

மன்னார்க்காரனுக்கு அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அம்மாவுக்குப் போட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பசங்க செம்மையா ஆடினாங்கம்மா, ரெண்டு கோல், ஒண்ணு கார்னர்ல வந்தது, இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன், ஆமாம்மா, சாப்ட்டாச்சு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குருநகர்க் கோயில் மணி மட்டும் கேட்டது.

"தம்பி, ஆர் கதைக்கிறது?" என்றார் அம்மா.