ஆறு பக்கத்திலதானே ஓடுது?

அண்ணன் கனடாவில் லொறி ஓடுகிறார். வன்கூவரில் இருந்து கம்லூப்ஸ் போகிற பாதை ஒன்று ஃப்ரேசர் ஆற்றை ஒட்டியே போகும். போன கோடையில் அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். செங்குத்தான மலை எரிகிறது, அடியில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. கனகராயன்குளத்துத் தேத்தண்ணிக் கடையில் அதைக் காட்டினேன். மாமா ஒருவர், "ஆறு பக்கத்திலதானே ஓடுது, அள்ளி ஊத்தினா முடிஞ்சுதே!" என்றார். கடை முழுக்க ஓமென்றது.

வன்னியான் அப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. எங்கள் நிலம் தட்டை. சேனைக்கு வெட்டிய காடு காய்ந்ததும் சுற்றிவர மண் தெரியச் செருக்கி எல்லை போடுவோம். சோளகம் தணிகிற நேரம் பார்த்துக் கொளுத்துவோம். பொறி எல்லை தாண்டினால் பச்சைக் குழையால் அடித்து நூர்ப்போம். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தால் தீ எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

மலையில் காற்று அசையாவிட்டாலும் தீ மேலே ஏறும். சுவாலை சரிவோடு சாய்ந்து மேலே நிற்கும் புல்லையும் மரத்தையும் முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் இரண்டு மடங்காகும் என்று தீயணைப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 30 பாகையில் எட்டு மடங்கு. மனிசனோ ஏற ஏற மூச்சு வாங்கி மெதுவாகிறான்.

அன்று பின்னேரம் பக்கத்துக் காணி ஐயாவிடமும் காட்டினேன். 77 கலவரத்தோடு பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து இங்கே வந்து குடியேறியவர். மானாப்புல் சரிவுகள் எரிவதைப் பார்த்தே வளர்ந்தவர். சுவாலையை அவர் பார்க்கவேயில்லை. "கீழ பாருங்க தம்பி, உருண்டு வருதே" என்று திரையின் அடியில் விரலை வைத்தார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எரிகிற கட்டை ஒன்று துள்ளித் துள்ளி இறங்கிப் பாதையோரப் புல்லில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கே புதுப் புகை.

இதுதான் அங்கே பெரிய தலையிடி. மேலே நின்று எல்லை வெட்டுகிறவர்களுக்குக் காலுக்குக் கீழே இன்னொரு தீ பிறந்துவிடும். அது மேலே ஏறும்போது இவர்கள் நடுவில். அதனால் சரிவில் வெட்டும் எல்லையைக் கானாகத் தோண்டி, கீழ்ப்பக்கத்தில் வரம்பு கட்டி, உருளுவதைத் தடுக்கப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து மாதிரி ஒரு ஆயுதம், புலாஸ்கி என்று பெயர். செங்குத்தில் புல்டோசர் ஏறாது, கையால்தான் வேலை.

சரி, மாமாவின் தண்ணீருக்கு வருவோம். ஹெலிகொப்டர் வாளியில் அள்ளி ஊற்றத்தான் செய்கிறது. ஆனால் காலையில் புகை பள்ளத்தாக்கில் மூடி போட்டது போலப் படுத்திருக்கும், விமானிக்கு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறிப் புகை கலையும்போது காற்றும் பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி வீசத் தொடங்கிவிடும். பறக்க முடிகிற நேரத்தில் தீயும் முழு வீச்சில் நிற்கும். ஊற்றிய தண்ணீர் சூட்டைத் தணிக்குமே தவிர, ஆட்கள் போய்க் கிளறி நூர்க்காவிட்டால் திரும்பப் பிடிக்கும். பொறி ஆற்றைத் தாண்டி அக்கரையிலும் விழும்.

தொம்சன் ஆறு ஃப்ரேசரில் கலக்கும் இடத்தில் லிட்டன் என்றொரு ஊர். 2021 ஜூன் 29 அன்று அங்கே 49.6 பாகை செல்சியஸ், கனடாவிலேயே பதிவான ஆகக் கூடிய வெப்பம். மறுநாள் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு ஆறுகள் பக்கத்திலே ஓடின.

அமெரிக்காவின் மொன்டானாவில் 1949 ஓகஸ்ட் 5 அன்று நடந்தது இன்னும் கொடுமை. மிசூரி ஆற்றுக்கு இறங்கும் மான் கல்ச் என்ற பள்ளத்தில் 16 தீயணைப்பாளர்கள். ஆபத்து வந்தால் ஆறு இருக்கிறது என்றுதான் ஆற்றுப் பக்கமாக இறங்கினார்கள். தீயோ அவர்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் வந்துவிட்டது. திரும்பி மேலே ஓடினார்கள். தலைவர் வாக் டொட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்த சாம்பலுக்குள் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. தீக்கு முன்னால் ஓடும்போது இன்னொரு தீ வைக்கிறவனை யார் நம்புவார்கள்? 13 பேர் இறந்தார்கள். டொட்ஜ் பிழைத்தார்.

அதனால் இப்போது சரிவை விட்டுக்கொடுத்து, மலை முகட்டிலோ பாதையிலோ எல்லை போட்டு, வருகிற தீக்கு எரிய ஒன்றும் மிஞ்சாதபடி அங்கிருந்து தாங்களே எதிர்த்தீ வைத்துக் காத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் "எரிய விட்டுட்டு நிக்கிறாங்கள்" என்று திட்டுவார்கள். திட்டட்டும். ஒரு மலைப்பக்கத்துக்காக ஒரு பிள்ளை சாகத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

நூர்ந்த பிறகும் தொல்லை இருக்கிறது. மண்ணையும் கல்லையும் பிடித்திருந்த வேர் செத்துவிடும், மழைக்குச் சரிந்து பாதையில் விழும். எரிந்த மலைக்குக் கீழே லொறியை நிறுத்திச் சோறு சாப்பிட வேண்டாம் என்று அண்ணி ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறா. அண்ணன் கேட்கிறாரா என்பது வேறு கதை.